மணியின் குரைப்பை நிறுத்த ஷாக் காலர் வாங்கலாமா?

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

பெயர் வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். நாயின் பெயரையும் மாற்றியிருக்கிறோம். கடிதத்தின் சாரம் இது.

மணி மூன்று வயது ஆண் நாய். கலப்பினம், 14 கிலோ எடை. ஒரு வயதில் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தார்கள். குடியிருப்பது அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில், லிஃப்ட்டுக்கு நேர் எதிரே. லிஃப்ட் கதவு திறந்தாலும், காலிங் பெல் அடித்தாலும், ஜன்னல் வழியே யாராவது தெரிந்தாலும் மணி குரைக்கிறான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், போனில் பேசினால், எதிரே வந்து நின்று குரைக்கிறான். மாமியார் ஒரு பிஸ்கட் போட்டால் அடங்கிவிடுவான். நான்கு மாதமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மாமியார் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார், வாசகி மறுபடி வேலைக்குப் போகிறார். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை மணி தனியாக இருக்கிறான். அந்த நேரம் முழுக்கக் குரைக்கிறான் என்று கீழ்வீட்டுக்காரர் ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். வாசல் நிலைச் சட்டத்தைக் கடித்துக் குதறியிருக்கிறான், கதவோரம் சிறுநீர் கழித்திருக்கிறான். குடியிருப்போர் சங்கம் ஒரு மாத அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்பிவிட்டது.

திட்டிப் பார்த்தார்கள். செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் தட்டிப் பார்த்தார்கள். முகத்தில் தண்ணீர் பீய்ச்சினார்கள். அது மூன்று நாள் பலித்தது, இப்போது பாட்டிலைக் கையில் எடுத்தாலே உறுமுகிறான். "தனியாக விட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறான். நாங்கள் வந்ததும் தப்பு செய்தவன் மாதிரி தலையைத் தொங்கப்போடுகிறான்" என்கிறார் கணவர். தோழி ஒருவர் குரல்நாண் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். ஷாக் காலர் (குரைத்தால் கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் பட்டை) வாங்கலாமா, ஆபரேஷன் செய்யலாமா, மணியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா, எத்தனை நாளில் குரைப்பு நிற்கும் என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

காலர் வேண்டாம். ஆபரேஷனும் வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் ஓரமாக நீங்கள் எழுதியிருக்கும் ஒரு விஷயம். கிளம்பும்போது மணிக்குப் பிடித்த வேகவைத்த கோழித் துண்டை வைத்துவிட்டுப் போகிறீர்கள், அவன் தொடுவதே இல்லை, நீங்கள் வந்து செருப்பைக் கழற்றியதும் ஓடிப்போய்ச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறான் என்பது உங்கள் ஊகம். எனக்கு நான்கு பக்கத்திலும் முக்கியமாகப் பட்டது இதுதான். கடும் பயத்தில் இருக்கும் நாய்க்குச் சோறு இறங்காது. பயம் நீங்கியதும் பசி திரும்பிவிடும். ஐந்து மணி நேரம் கோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடாமல் இருக்கும் நாய் உங்களைப் பழிவாங்கவில்லை. தவித்துக்கொண்டிருக்கிறது.

தலையைத் தொங்கப்போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாய்களின் 'குற்றவாளி முகம்' பற்றி அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை, சொந்தக்காரர் கடிந்துகொண்டபோதுதான் அது கூடியது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கதவைத் திறந்ததும் குதறிக் கிடக்கும் சட்டத்தைப் பார்க்கிறீர்கள், உங்கள் முகம் மாறுகிறது, அதைப் பார்த்து அவன் ஒடுங்குகிறான். காலையில் கடித்ததற்கு மாலையில் திட்டினால், நீங்கள் வீட்டுக்கு வருவதே பயப்பட வேண்டிய விஷயம் என்றுதான் அவனுக்குப் பதியும்.

ஒரே நாய், மூன்று குரைப்பு

நீங்கள் 'குரைப்பு' என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பதற்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. லிஃப்ட்டுக்கும் பெல்லுக்கும் குரைப்பது, ஆள் வருவதைப் பார்த்து விரட்டும் குரைப்பு. சாப்பாட்டு நேரத்தில் குரைப்பது, கேட்டு வாங்கும் குரைப்பு. தனியாக இருக்கும்போது குரைப்பது, பீதி. ஒன்றுக்குப் பலிக்கும் வைத்தியம் இன்னொன்றை மோசமாக்கும். கேட்டு வாங்கும் குரைப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நின்றுபோகும். பீதிக் குரைப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் முற்றிப்போகும். 'குரைத்துக் குரைத்து ஓய்ந்துவிடுவான்' என்று நான்கு மாதம் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பீதி முற்றிப்போனது அதனால்தான்.

காதாலேயே ஓரளவு பிரித்தறியலாம். அந்நியரைக் கண்டு குரைப்பது தாழ்ந்த சுருதியில், கரகரவென்று, விடாமல் வரும். தனிமையில் குரைப்பது பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் ஏறி இறங்கி, இடைவெளி விட்டு, சில சமயம் ஊளையில் முடியும். கீழ்வீட்டுக்காரர் அனுப்பிய பதிவை எரிச்சலில் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். இன்னொரு முறை முழுக்கக் கேளுங்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள, பழைய போன் ஒன்றைக் கேமராவாக வையுங்கள். வாசல் கதவும் அவன் படுக்குமிடமும் சட்டகத்துக்குள் விழ வேண்டும். நீங்கள் கிளம்பிய முதல் முப்பது நிமிடம் போதும். பிரிவுப் பீதி உள்ள நாய் பெரும்பாலும் அதற்குள்ளேயே தொடங்கிவிடும். கதவுக்கும் ஜன்னலுக்கும் அலைவது, மூச்சிரைப்பது, எச்சில் ஒழுகுவது, கதவையே சுரண்டுவது எல்லாம் பதிவாகும். மாறாக, ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கிவிட்டு லிஃப்ட் சத்தம் கேட்கும்போது மட்டும் எழுந்து குரைக்கிறான் என்றால், உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும். கோழி, கதவுச் சட்டம், சிறுநீர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பீதியின் பக்கம்தான் எனக்குச் சாய்வு. ஆனாலும் வீடியோ பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது.

கூடவே ஐந்து நாளைக்கு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு, எதற்கு, எவ்வளவு நேரம், *எதனால் நின்றது*. கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். டெலிவரிக்கு வந்தவர் திரும்பிப் போனதும் நின்றது, பிஸ்கட் விழுந்ததும் நின்றது என்று எழுதிக்கொண்டே வந்தால், எந்தக் குரைப்புக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வாசலில் வந்தவர் தன் வேலை முடிந்துதான் போகிறார். ஆனால் மணியின் கணக்கில், அவன் குரைத்தான், ஆள் ஓடிப்போனான். தினமும் வெற்றி. நீங்கள் உள்ளிருந்து கத்துவது அவன் காதில் தண்டனையாக விழுவதில்லை. வீட்டாரும் சேர்ந்து குரைக்கிறார்கள் என்பது போலத்தான் விழும்.

காலர், வாசனைத் தெளிப்பு, ஆபரேஷன்

தண்ணீர் பாட்டில் கதையை நீங்களே எழுதிவிட்டீர்கள். மூன்று நாள் பலித்து, நான்காம் நாள் உறுமலாக மாறியது. ஷாக் காலரும் அதே கதைதான், வலி மட்டும் கூடுதல். லிஃப்ட் கதவு திறக்கிறது, மணி குரைக்கிறான், கழுத்தில் சுரீரென்கிறது. 'குரைத்ததால் வலித்தது' என்று அவன் புரிந்துகொள்வான் என நாம் நம்புகிறோம். 'லிஃப்ட்டிலிருந்து ஆள் வந்தால் வலிக்கும்' என்றும் அவன் புரிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த நாய் ஒருநாள் குரைக்காமலே கடிக்கலாம். உறுமலும் குரைப்பும் எச்சரிக்கை. எச்சரிக்கையைத் தண்டித்து அடக்கினால் பயம் உள்ளேயே இருக்கும், முன்னறிவிப்பு மட்டும் போய்விடும். தனியாகப் பீதியில் இருக்கும் நாயின் கழுத்தில் அதை மாட்டிவிட்டுப் போவது இன்னும் கொடுமை. குரைப்பான், வலிக்கும், பீதி கூடும், மேலும் குரைப்பான். கழற்றிவிட வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. விலங்கு நடத்தைத் துறைக் கால்நடை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், நாய்ப் பயிற்சிக்குப் பரிசு தரும் முறைகளையே பரிந்துரைத்து, ஷாக் காலர் போன்ற கருவிகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. வேல்ஸ் நாடு 2010-லேயே ஷாக் காலரைத் தடை செய்துவிட்டது. எலுமிச்சை வாசனை பீய்ச்சும் காலரும், நமக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் கருவியும் 'வலிக்காது' என்று சொல்லி விற்கப்படுகின்றன. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸுடன் நின்றுவிடும், நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு அமைதியாக இருக்கும் கருவி அவன் காதுக்குள் அலறிக்கொண்டிருக்கும். மணி 'காரணமே இல்லாமல்' குரைக்கிறான் என்று நீங்கள் எழுதிய இடங்களுக்கும் இது பொருந்தும். காரணம் இருந்திருக்கும், உங்களுக்குக் கேட்டிருக்காது.

வாயை இறுக மூடும் வாய்ப்பூட்டு மாட்டும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. மணிக்கணக்கில் வாயைக் கட்டிவைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷனில் குரல்நாண்களின் திசுவில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். பயம் அப்படியே இருக்கும், குரைக்கும் முயற்சியும் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் இருமல் போலக் கரகரப்பாக வரும். தழும்புத் திசு வளர்ந்து மூச்சுப்பாதை சுருங்குவது உண்டு. குரல் திரும்பி வந்துவிடுவதும் உண்டு. செல்லப்பிராணிகளைப் பாதுகாக்கும் 1987-ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கை, சிகிச்சைக்கு அல்லாத இத்தகைய குரல்நீக்க ஆபரேஷனைத் தடுக்கிறது. கதவை அப்போதும் கடிப்பான் என்பதை உங்கள் தோழியிடம் சொல்லுங்கள்.

முதலில் தனிமைப் பீதி

சங்கத்தின் புகார் இதைப் பற்றித்தான், மூன்றில் கடினமானதும் இதுதான். வீடியோவை எடுத்துக்கொண்டு உங்கள் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மூட்டுவலி, காதுத் தொற்று, சிறுநீர்ப்பைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீதி கடுமையாக இருந்தால் ஃப்ளூஆக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்துகள் இதற்கென்றே தரப்படுகின்றன. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். 'மருந்து கொடுத்தால் நாய் மந்தமாகிவிடுமே' என்று தயங்க வேண்டாம். தூங்கவைப்பதற்காக அல்ல, பயிற்சி மண்டையில் ஏறும் அளவுக்குப் பயத்தைக் குறைப்பதற்காகத் தருவது. அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த அதே பெயருள்ள மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

பயிற்சியின் அடிப்படை ஒன்றுதான்: அவன் தாங்கும் நேரத்தைத் தாண்டி அவனைத் தனியே விடாமல் இருப்பது. காலையில் பத்து நிமிடம் பயிற்சி கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு ஐந்து மணி நேரம் விட்டுப் போனால் செய்தது அத்தனையும் கரைந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் பயிற்சி தோற்பது இந்த இடத்தில்தான். ஆகவே அடுத்த ஆறு வாரத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். கணவரும் நீங்களும் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். நாய்க்குப் பழகிய ஒருவரை அமர்த்தலாம். மற்ற நாய்களுடன் ஒத்துப்போகிறவன் என்றால் பகல்நேரக் காப்பகத்தில் விடலாம். மாமியார் போன அதே மாதம்தான் இது தொடங்கியது என்பதைக் கவனித்தீர்களா? மணி அதுவரை ஒருநாளும் தனியாக இருந்ததே இல்லை. தனியாக இருக்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லா நாளும் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்து தேவையா என்பதை முடிவு செய்ய அவருக்கு அது தெரிய வேண்டும்.

பயிற்சி இப்படி. சாவியை எடுத்தாலே, செருப்பை மாட்டினாலே மணி பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறான் என்றால் முதலில் அந்த அடையாளங்களை நீர்த்துப்போகச் செய்யுங்கள். ஒரு நாளில் ஐந்தாறு முறை சாவியை எடுத்து, அப்படியே போய் உட்கார்ந்துவிடுங்கள். பையை மாட்டிக்கொண்டு பாத்திரம் துலக்குங்கள். அவன் தலை தூக்கிப் பார்க்காத நிலை வரட்டும். பிறகு கதவு. கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். திறந்து மூடுங்கள். வெளியே ஒரு விநாடி நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். மூன்று விநாடி, ஐந்து, பத்து. நேரத்தை ஒரே சீராக ஏற்றாதீர்கள். 10, 20, 5, 30, 15 என்று கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கஷ்டமாகவே இருந்தால், பயிற்சி என்றாலே அவனுக்குப் பதற்றம் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் போதும்.

வெளியே நிற்கும்போது கண் போன் திரையில் இருக்கட்டும். குரைப்பு கடைசியாக வருவது. அதற்கு முன்பே உதட்டை நக்குவான், தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவான், எழுந்து கதவருகே வந்து காதை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்பான், சன்னமாக முனகுவான். முனகல் கட்டத்திலேயே உள்ளே வந்துவிடுங்கள், அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். 'குரைக்கும்போது உள்ளே போனால் அதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடுமே' என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குரைப்புக்கு அது பொருந்தாது. நீரில் தத்தளிப்பவன் கூச்சலை நிறுத்தட்டும், பிறகு கை கொடுக்கலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை.

முதல் அரை மணி நேரத்தை எட்டுவதுதான் மலையேற்றம். விநாடிக்கணக்கில் நகரும், ஒரு வாரம் பின்னுக்கும் போகும். 40 நிமிடம் நிம்மதியாக இருக்கிறான் என்றால் அதன் பிறகு ஐந்தைந்து நிமிடமாகவும், பிறகு கால் மணியாகவும் கூட்டலாம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிய நாய்கள் பெரும்பாலும் அரை நாளையும் தாங்கிவிடுகின்றன.

கூண்டில் அடைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றினால் வேண்டாம். கூண்டுக்குப் பழகாத நாய் பீதியில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதும் தீர்வில்லை. அவன் ஏங்குவது மனிதருக்காக. படுக்கையில் படுக்கவிட்டதால்தான் கெட்டுப்போனான் என்ற உங்கள் வருத்தத்தையும் விட்டுவிடுங்கள், அதனால் இது வருவதில்லை.

பெல்லும் லிஃப்ட்டும்

இதில் பலன் சீக்கிரம் தெரியும். முதலில் ஒத்திகையைக் குறையுங்கள். தினமும் இருபது முறை குரைத்துப் பழகும் நாய்க்குப் பத்து நிமிடப் பாடம் ஒட்டாது. ஜன்னலின் கீழ்ப்பகுதியில், அவன் நின்றால் கண் எட்டும் உயரத்துக்கு மேல் ஒரு சாண் வரை, ஒளி வந்தாலும் உருவம் தெரியாத மங்கல் ஒட்டுத்தாளை ஒட்டுங்கள். அவன் ஏறி நின்று பார்க்கும் சோபாவை நகர்த்துங்கள். அவன் படுக்கையை வாசலுக்கு எட்டாத உள்ளறைக்கு மாற்றி, மின்விசிறியை ஓடவிடுங்கள். அந்தச் சீரான இரைச்சல் லிஃப்ட் சத்தத்தை ஓரளவு அமுக்கும். வாசலில் 'பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும்' என்று ஒரு தாள். காலிங் பெல்லில் இசையை மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய ஒலியில் இரண்டு வருடக் குரைப்பு ஏறிக் கிடக்கிறது, புது ஒலி வெற்றுப் பலகை.

அந்தப் புது ஒலியைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ட்ரீட்டை, அதாவது பரிசாகத் தரும் தின்பண்டத்தை, பச்சைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி வையுங்கள். வழக்கமான உலர்தீனியைவிட ருசியானதாக இருக்க வேண்டும், வேகவைத்த கோழி நல்லது. அவன் காது லேசாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் ஒலியை மிகக் குறைத்துப் போடுங்கள். ஒலி கேட்ட *பிறகு*, ஒரு விநாடிக்குள், ட்ரீட். வரிசை முக்கியம். கை பைக்குள் போன பிறகு பெல் அடித்தால் அவன் கையைத்தான் கவனிப்பான், பெல்லை அல்ல. ஒரு அமர்வுக்குப் பத்து முறை. பெல் ஒலித்ததும் கதவைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குவான். அந்தத் திரும்பல் வந்த பிறகே ஒரு படி சத்தம் கூட்டுங்கள். குரைத்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், இரண்டு படி இறங்குங்கள்.

இதோடு விரிப்புப் பயிற்சி. வாசலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு விரிப்பு போடுங்கள். அதில் நான்கு காலும் வைத்தால் ட்ரீட், உட்கார்ந்தால் ட்ரீட், படுத்தால் மேலும் இரண்டு. ட்ரீட்டைக் கையில் கொடுக்காமல் விரிப்பின் மேலேயே வையுங்கள், அந்த இடத்துக்கே மதிப்பு வரும். 'இடத்துக்குப் போ' என்ற சொல்லை, அவன் தானாகப் போகப் பழகிய பிறகு சேருங்கள். பிறகு கணவர் வெளியே நின்று விரலால் ஒரு தட்டு, இரண்டு தட்டு, பெல், கதவு திறப்பது, உள்ளே வருவது என்று ஒவ்வொன்றாக. இறுதியில் பெல் ஒலியே 'விரிப்புக்குப் போ' என்ற கட்டளையாகிவிடும்.

'போதும்' என்ற சொல்லையும் கற்றுக்கொடுக்கலாம். அவன் குரைக்கும்போது மூச்சு வாங்க நிறுத்தும் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் சாதாரணக் குரலில் 'போதும்', உடனே ட்ரீட். சில நாள் கழித்து இரண்டு விநாடி அமைதிக்கு, பிறகு ஐந்துக்கு, பத்துக்கு. இங்கே வழக்கமாக நேரும் பிழை ஒன்று உண்டு. புத்திசாலி நாய் 'குரை, நிறுத்து, வாங்கு' என்று இதை ஒரு தொடராக்கிக்கொள்ளும். ஒரு முறை குரைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் அது நடந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். குரைக்காமல் லிஃப்ட் சத்தத்தைக் கடந்த நேரங்களுக்கே பெரிய பரிசு கொடுங்கள், நிறுத்தியதற்குச் சின்னது.

எல்லா ட்ரீட்டும் சேர்ந்து அன்றைய உணவுச் சத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அந்த அளவை வேளை உணவில் குறையுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்த நிலக்கடலை வெண்ணெய், சாக்லேட், திராட்சை, வெங்காயம் எதையும் நாய்க்குக் கொடுக்கக்கூடாது.

பிஸ்கட் குரைப்பு

இதை உங்கள் மாமியார் அன்பினால் கற்றுக்கொடுத்தார், மணி நன்றாகப் படித்துவிட்டான். குரைத்தால் பிஸ்கட், பார்வை, 'சும்மா இரு' எதுவும் கிடையாது. முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளுங்கள். அமைதியாகப் படுத்திருக்கும்போது கூப்பிட்டுக் கொடுங்கள். முதல் சில நாள் குரைப்பு முன்னைவிட அதிகமாகும். எப்போதும் திறக்கும் கதவு திறக்காவிட்டால் நாமும் பலமாகத் தட்டத்தானே செய்வோம். அந்த உச்சத்தில் பொறுக்காமல் ஒரே ஒரு பிஸ்கட் போட்டால், 'இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும்' என்று கற்றுக்கொள்வான், அதை அழிப்பது இரட்டிப்பு வேலை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தொடங்குங்கள். சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு, உள்ளே உணவு அடைத்து நக்க வைக்கும் ரப்பர் பொம்மையை விரிப்பில் கொடுத்துவிட்டால் குரைக்க வாய் ஓய்வாக இராது.

சங்கத்தின் கடிதம்

எழுத்தில் பதில் கொடுங்கள், தாமதிக்காமல். நாய் வளர்ப்பு, சத்தம், தொல்லை பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் மாறும். எந்த விதியின்கீழ் அவகாசம் கொடுத்தார்கள் என்று கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாயை வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்கு உண்டா என்பதை உங்கள் பகுதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் சொல்வார். அதே சமயம் கீழ்வீட்டுக்காரரின் தரப்பும் நியாயமானது. ஐந்து மணி நேரக் குரைப்பைத் தாங்குவது எளிதல்ல. நேரில் போய், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது என்று இரண்டு வாரம் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். புகார் சொன்னவரே உங்களுக்குக் கணக்கு வைத்துக் கொடுப்பவராகிவிடுவார். மருத்துவரின் சீட்டு, உங்கள் நோட்டு, அந்தச் செய்திகள் மூன்றையும் மாத முடிவில் சங்கத்திடம் காட்டலாம்.

எத்தனை நாள்? கொடுத்துவிடலாமா?

பிஸ்கட் குரைப்பு இரண்டு மூன்று வாரத்தில் மட்டுப்படும். பெல், லிஃப்ட் விஷயத்தில் தினமும் செய்தால் ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும். ஆனால் ஒரு முறைகூடக் குரைக்காத நாயை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு குரை குரைத்துவிட்டு விரிப்புக்கு ஓடினால் அது முழு வெற்றி. தனிமைப் பீதிக்கு மாதங்கள் ஆகும். ஆனால் யாராவது உடன் இருக்கும் ஏற்பாடு செய்த அன்றே பகல் குரைப்பு நின்றுவிடும், சங்கத்தின் அவகாசத்துக்கு அது போதும்.

கொடுத்துவிடுவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். பகலில் எப்போதும் ஆள் இருக்கும் வீடு கிடைத்து, மணியின் சிக்கலை மறைக்காமல் சொல்லி, அவர்களும் சம்மதித்தால் அது அவனுக்கு நல்லதாகக்கூட அமையலாம். மறைத்துக் கொடுத்தால் நான்கு வாரத்தில் மறுபடி தெருவிலோ காப்பகத்திலோ இருப்பான். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்தவன் அவன். ஆறு வாரம் முயன்று பார்த்துவிட்டு, கையில் நோட்டையும் வீடியோவையும் வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுங்கள்.

இன்று இரவே மாமியாருக்குப் போன் செய்யுங்கள். மணி அவரைத் தேடித் தவிக்கிறான் என்று சொல்லுங்கள். ஆறு வாரம் வந்து பகலில் உடன் இருக்க முடியுமா என்று கேளுங்கள். வந்தால் பிஸ்கட் டப்பாவை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம், மணி விரிப்பில் படுத்திருக்கும்போது மட்டும் திறப்பது என்ற ஒப்பந்தத்துடன்.